வி.ஏ.ஆர். காலத்தில் இன்சாகி ஆடியிருந்தால்?

உங்கள் கேள்வியை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். "இத்தாலியின் பிலிப்போ இன்சாகி ஆஃப்சைடில் நின்றே காலம் தள்ளியவர். இன்றைய வி.ஏ.ஆர். அன்று இருந்திருந்தால் அவருடைய கோல்களில் பாதி காணாமல் போயிருக்காதா?" இதுதான் நீங்கள் கேட்டது. வி.ஏ.ஆர். என்பது கால்பந்தில் நடுவரின் முடிவை வீடியோ போட்டுப் பார்த்துச் சரிசெய்யும் முறை, எனவே மேலோட்டமாகப் பார்த்தால் தொழில்நுட்பம் பற்றிய கேள்வி. ஆனால் உள்ளே இருப்பது வேறு. அந்த ஆள் உண்மையிலேயே கெட்டிக்காரரா, இல்லை லைன்ஸ்மேன்களின் தயவில் பிழைத்தவரா? அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் பதினான்கு வருடம் உள்ளூர் கால்பந்து லீக் ஆட்டங்களில் கோட்டோரம் கொடி பிடித்து ஓடியவன். மிலானின் சான் சிரோ மைதானத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. ஆனால் ஒரு ஸ்ட்ரைக்கர் கடைசி டிஃபெண்டரின் தோளை உரசிக்கொண்டு ஓடும்போது கோட்டோரம் நிற்பவனின் கண்ணுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். இன்சாகி விஷயத்தில் பலர் கோட்டை விடுவது அந்த இடத்தில்தான்.

ஆள் யார் என்று தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். 1973 ஆகஸ்ட் 9 அன்று பியாசென்சாவில் பிறந்தவர். இன்டர் மிலானின் பயிற்சியாளராக இருந்த சிமோனே இன்சாகி இவருடைய தம்பி. கீழ்ப் பிரிவுகளில் கோல்களாகக் குவித்துவிட்டு 1995-இல் பார்மாவுக்குப் போனார். அங்கே அந்த சீசன் முழுக்க லீக்கில் 2 கோல்தான். அடுத்த வருடம் அட்டலாண்டாவில் 24 கோல் அடித்து இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆ-வின் அதிக கோல் அடித்தவர் ஆனார். அது பெரிய கிளப் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். பிறகு ஜுவென்டஸில் நான்கு சீசன், 2001 முதல் 2012 வரை ஏசி மிலான். மிலானுக்கு 300 ஆட்டங்களில் 126 கோல், நாட்டுக்காக 57 ஆட்டங்களில் 25 கோல், ஐரோப்பியக் கிளப் போட்டிகளில் 70 கோல். 2003-லும் 2007-லும் சாம்பியன்ஸ் லீக், 2006-இல் உலகக் கோப்பை. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவரை வெறும் அதிர்ஷ்டக்காரர் என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

சரி, ஆஃப்சைடுக்கு வருவோம். பந்தைச் சக ஆட்டக்காரர் உதைக்கும் கணத்தில், எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி, பந்தையும் தாண்டி கோலுக்கு அருகில் நீங்கள் இருந்தால் அது ஆஃப்சைடு நிலை. அந்தக் கடைசி இருவரில் ஒருவர் பெரும்பாலும் கோல் கீப்பர் என்பதால், நடைமுறையில் கடைசி டிஃபெண்டர்தான் கோடு. இதில் இரண்டு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, ஆஃப்சைடு நிலையில் நிற்பது குற்றமே இல்லை. அங்கே நின்றபடி ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். இரண்டாவது, 1990 வரை டிஃபெண்டருக்குச் சரிசமமாக நின்றாலே ஆஃப்சைடு. அந்த ஆண்டு விதியை மாற்றி, சரிசமம் என்றால் செல்லும் என்றார்கள். இன்சாகி பியாசென்சாவின் முதன்மை அணிக்கு வந்தது 1991-இல். கதவு திறந்த மறுவருடமே உள்ளே நுழைந்த ஆள் என்று சொல்லலாம்.

அந்த முதல் விஷயத்தை இன்சாகி அளவுக்குப் பயன்படுத்தியவர்கள் குறைவு. பந்து பக்கவாட்டில் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் வேண்டுமென்றே டிஃபெண்டர்களுக்குப் பின்னால், அப்பட்டமான ஆஃப்சைடில் நின்றுகொண்டிருப்பார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் டிஃபெண்டருக்கு அது பெரிய தலைவலி. பந்தைப் பார்த்தால் இவர் கண்ணில் படமாட்டார், இவரைத் தேடித் திரும்பினால் பந்து தப்பிவிடும். பந்தை வைத்திருப்பவர் தலையை நிமிர்த்துகிற நேரத்தில் இன்சாகி இரண்டடி பின்வாங்கிக் கோட்டுக்குள் வந்திருப்பார். அல்லது கோட்டுக்கு இணையாகக் குறுக்கே ஓடி, உதை விழும் கணத்தில் சட்டென்று முன்னால் வளைவார். டிஃபெண்டர் நின்ற இடத்திலிருந்து திரும்பி ஓடத் தொடங்க வேண்டும், இவரோ ஏற்கெனவே ஓட்டத்தில் இருப்பார். அவ்வளவு வேகமான ஆளே இல்லை என்றாலும் முதல் மூன்று மீட்டரில் ஜெயித்துவிடுவார். ஆஃப்சைடு நூலின் மேல் ஆடுகிறார் என்பது இத்தாலியர்களின் வழக்கு. நூல் என்பது மிகச் சரியான சொல்.

இதில் பலமுறை மாட்டிக்கொள்ளவும் செய்தார், மறுக்கவில்லை. பத்துத் தடவை ஓடி ஆறு தடவை கொடி எழுந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. ஏழாவது தடவை எழாவிட்டால் போதும். கிரிக்கெட்டில் பேட்ஸ்மேனுக்கு ஒரு தப்பு போதும் வெளியே போக, ஸ்ட்ரைக்கருக்கு ஒரு சரி போதும் கதாநாயகன் ஆக. அந்தக் கணக்கை அவர் கூச்சமே இல்லாமல் போட்டார்.

இப்போது லைன்ஸ்மேன் பக்கம் வாருங்கள், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. கோட்டோரம் நிற்பவன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். பந்தை உதைக்கும் கால் ஒரு பக்கம், டிஃபெண்டரும் ஸ்ட்ரைக்கரும் ஒட்டி நிற்கும் கோடு இன்னொரு பக்கம், நடுவே முப்பது நாற்பது மீட்டர். கண்ணைக் கோட்டிலேயே வை, உதைக்கும் சத்தத்தைக் காதால் வாங்கிக்கொள் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் நாற்பது மீட்டர் தாண்டி ஒலி வந்து சேர ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேலாகும். அந்த நேரத்தில் முழு வேகத்தில் ஓடும் ஸ்ட்ரைக்கர் முக்கால் மீட்டராவது முன்னே போயிருப்பார். டிஃபெண்டர்கள் ஆஃப்சைடு பொறி வைக்க எதிர்த்திசையில் முன்னேறி வந்துகொண்டிருந்தால் இடைவெளி இன்னும் அதிகம். எழுபதாயிரம் பேர் கத்தும் மைதானத்தில் அந்தச் சத்தமும் கேட்காது. அப்போது கண்ணைக் காலிலிருந்து கோட்டுக்குத் திருப்ப வேண்டும், அதற்கும் நேரமாகும்.

ஆக, அந்த வகை ஓட்டத்தில் மனிதக் கண் செய்யும் தவறு ஒரு பக்கமாகச் சாயும். சரியாக ஓடியவனை ஆஃப்சைடு என்று நினைக்கவைக்கும். எனக்கே நடந்திருக்கிறது. ஒரு இறுதியாட்டத்தில் முழு நம்பிக்கையோடு கொடி தூக்கினேன். அன்று சாயங்காலம் ஒரு பையன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். ஸ்ட்ரைக்கர் ஒன்றரை அடி உள்ளே நிற்கிறான். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. சந்தேகம் இருந்தால் கொடி தூக்காதே என்பது எங்களுக்கு எழுதப்படாத சட்டம். ஆனால் சிக்கல் என்னவென்றால், கண் ஏமாறும்போது சந்தேகமே வருவதில்லை.

இதை வைத்து இன்சாகியின் கணக்கைப் பாருங்கள். அவருக்கு லாபமான தவறுகளை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், நஷ்டமானவற்றை அவ்வளவாக இல்லை. 2002 உலகக் கோப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவுக்கு எதிராக அவர் அடித்த கோலை ஆஃப்சைடு என்று ரத்து செய்தார்கள். மறுஒளிபரப்பில் அவர் கோட்டுக்குள்தான் இருந்தார். அதற்கு முந்தைய குரோவேஷியா ஆட்டத்தில் மாத்தெராட்சி தூக்கிப்போட்ட நீளப் பந்து யார் மீதும் படாமல் உருண்டு வலைக்குள் போனது. இன்சாகி எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தார் என்று அதையும் ரத்து செய்தார்கள். இத்தாலி 2-1 என்று தோற்றது. (2015-இல் சென்னையின் எஃப்.சி.க்குப் பயிற்சியாளராக ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கித் தந்த அதே மாத்தெராட்சிதான்.) அந்த உலகக் கோப்பை முழுக்க இத்தாலிக்குப் பறிபோன கோல்களைப் பற்றி இத்தாலியர்கள் இன்றும் பொருமுவார்கள். அதில் பாதி வெறும் புலம்பல் என்பது என் எண்ணம், ஆனால் அந்த மெக்சிகோ கோல் புலம்பல் இல்லை.

இன்னொரு வேடிக்கை. 1998 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. ஜுவென்டஸ் சார்பில் இன்சாகி களத்தில் இருந்தார். ரியல் மாட்ரிட்டின் மியாதோவிச் 66ஆவது நிமிடத்தில் அடித்த ஒரே கோலில் ஆட்டம் முடிந்தது. அது ஆஃப்சைடா இல்லையா என்று ஜுவென்டஸ் ரசிகர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆஃப்சைடில் பிழைத்தவர் என்று பெயர் வாங்கியவர், ஒரு ஐரோப்பியக் கோப்பையை ஆஃப்சைடு சந்தேகத்திலேயே இழந்திருக்கிறார்.

சரி, அவருக்குச் சாதகமானவை? வி.ஏ.ஆர். இருந்திருந்தால் நிச்சயம் போயிருக்கும் என்று நான் கை வைத்துக் காட்டக்கூடிய கோல் ஒன்று இருக்கிறது. 2010 நவம்பர் 3, சான் சிரோ, ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஆட்டம். ஒரு கோல் பின்தங்கிய நிலையில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார், வயது 37. ரியல் கோல் கீப்பர் காசியாஸ் தவறவிட்ட பந்தைத் தலையால் முட்டி முதல் கோல். பிறகு கட்டூசோ கொடுத்த பந்தை வாங்கி காசியாஸைத் தாண்டி இரண்டாவது. அந்த இரண்டாவது ஓட்டம் தொடங்கும்போது அவர் தெளிவாக ஆஃப்சைடு. நூலிழை விவகாரமே இல்லை, வெறும் கண்ணுக்கே தெரிகிறது. என் போன்றவன் அதைத் தவறவிட்டிருந்தால் அடுத்த வாரம் ஆட்டம் கிடைத்திருக்காது. ஐரோப்பியப் போட்டிகளில் அவர் அடித்த கடைசி கோல் அதுதான். ஒரு வாரத்தில் முழங்கால் போய்விட்டது.

அடுத்தது, 2007-இல் ஏதென்ஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அந்த சீசன் லீக்கில் அவர் அடித்தது 2 கோல்தான், அவரை முதல் பதினொன்றில் போட்டதே பலருக்கு ஆச்சரியம். 45ஆவது நிமிடத்தில் பிர்லோ அடித்த ஃப்ரீ கிக், இன்சாகியின் மேல் பட்டுத் திசை மாறி லிவர்பூல் வலைக்குள் போனது. ஆஃப்சைடு பிரச்சினை இல்லை. ஆனால் பந்து பட்டது எங்கே? மார்பா, தோளா, மேல்கையா? அன்றைய விதிப்படி தற்செயலாகக் கையில் பட்டால் குற்றமில்லை, எனவே அது கோல், அதில் வாதத்துக்கு இடமில்லை. 2019-இல் விதியை மாற்றி, தற்செயலாகவே கையில் பட்டு நேராக வலைக்குள் போனாலும் கோல் செல்லாது என்றார்கள். அடுத்த வருடம் கை எங்கே தொடங்குகிறது என்பதற்கு அக்குளின் அடிமட்டத்தை எல்லையாக வைத்தார்கள். அந்தக் கோட்டை அந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் இன்றைய நடுவர்கள் இரண்டு அணியாகப் பிரிவார்கள். கோல் செல்லும் என்பது என் சாய்வு, ஆனால் பந்தயம் கட்டமாட்டேன். வேண்டுமென்றே உடம்பைக் கொடுத்தாரா, தானாகப் பட்டதா என்பதும் அப்படித்தான். அவர் பந்தின் பாதையை நோக்கி ஓடுகிறார் என்பது படத்தில் தெரிகிறது. அதற்கு மேல் சொல்வது அவரவர் அன்பைப் பொறுத்தது.

அப்புறம், வி.ஏ.ஆர். என்றால் ஏதோ கடவுளின் கண் என்று நினைக்க வேண்டாம். சாதாரண ஒளிபரப்பில் விநாடிக்கு ஐம்பது படம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே எதிரெதிராக ஓடும் இருவரின் இடைவெளி சுமார் இருபது சென்டிமீட்டர் மாறிவிடும். எந்தப் படத்தில் கால் பந்தைத் தொட்டது என்று ஒரு மனிதர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2022 உலகக் கோப்பையில் வந்த பாதித் தானியங்கி முறையில் பந்துக்குள்ளேயே உணரி வைத்து விநாடிக்கு 500 தடவை தகவல் எடுத்தார்கள், உடலின் 29 புள்ளிகளைப் பின்தொடர்ந்தார்கள். அதன் பிறகு துல்லியம் வேறு தரத்துக்குப் போய்விட்டது. எனவே நீங்கள் வி.ஏ.ஆர். என்று சொல்லும்போது 2017-இல் சீரி ஆ-வுக்கு வந்ததைச் சொல்கிறீர்களா, இப்போது இருப்பதையா என்பதைப் பொறுத்து என் பதிலும் கொஞ்சம் மாறும். கால் விரல் நுனிக்கு ஆஃப்சைடு கொடுக்கும் இன்றைய முறையில், நூலின் மேலேயே குடித்தனம் நடத்திய ஒருவருக்குச் சில கோல்கள் நிச்சயம் போகும்.

ஆனால் வரவும் உண்டு. இப்போதெல்லாம் கோல் வாய்ப்புள்ள நெருக்கமான ஓட்டத்தில் கொடியைத் தாமதித்துத் தூக்கு என்பதுதான் லைன்ஸ்மேனுக்கு உத்தரவு. ஓட்டம் முடியட்டும், கோல் விழட்டும், பிறகு சரிபார்க்கலாம். இன்சாகியின் காலத்தில் தவறாக எழுந்த கொடி ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடும், அந்த ஓட்டம் என்னவாகியிருக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது. அதனால்தான் எத்தனை கோல் கூடும், எத்தனை குறையும் என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். என் அனுபவத்தை வைத்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மொத்தத்தில் பெரிதாகக் குறைந்திருக்காது, ஒருவேளை கொஞ்சம் கூடியிருக்கும். பாதி காணாமல் போயிருக்கும் என்பது மட்டும் நடக்காத காரியம். இன்னொன்று, எந்த விதி இருந்தாலும் அதன் ஓரத்தைத் தேடிப் போய் நிற்கிற ஆள் அவர். இயந்திரம் அளக்கிறது என்று தெரிந்தால் அரை அடி பின்னால் தொடங்கியிருப்பார்.

பிறக்கும்போதே ஆஃப்சைடில் பிறந்தவர் என்று மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் சொன்னதாக ஒரு வாசகம் ஊரெல்லாம் சுற்றுகிறது, நீங்களும் அதைக் கேட்டிருப்பீர்கள். எந்த நாளில், யாரிடம் சொன்னார் என்று காட்டியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. சொல்லியிருந்தால் காரணம் இல்லாமல் இல்லை. 1999 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் டூரினில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக முதல் 11 நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்தார் இன்சாகி. (யுனைடெட் 3-2 என்று ஜெயித்தது வேறு கதை.) கேலியாகச் சொன்னாலும் அதற்குள் ஒரு எரிச்சல் இருக்கிறது, எதிரணிப் பயிற்சியாளரின் எரிச்சலைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவருக்குக் கால்பந்தே ஆடத் தெரியாது என்று சிலர் சொல்வதுண்டு, அதில் பாதி உண்மை. மூன்று பேரை வெட்டி ஏய்த்துப் போக அவரால் முடியாது. தொலைவிலிருந்து அடிக்கும் கோல்களைத் தேட வேண்டும். பந்தை வாங்கி ஆட்டத்தைக் கட்டுகிற வேலையும் அவருடையது இல்லை, அதற்கு ஜிதான், ருய் கோஸ்டா, பிர்லோ, ககா என்று ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் இல்லாத அணியில் இன்சாகி பாதி ஆள்தான், இதை நானே ஒப்புக்கொள்கிறேன். சுயநலமும் உண்டு. 2006 உலகக் கோப்பையில் செக் குடியரசுக்கு எதிராகக் கோல் கீப்பரை நோக்கித் தனியாக ஓடுகிறார், பக்கத்தில் பரோனே யாரும் தடுக்காத இடத்தில் கையை நீட்டியபடி ஓடி வருகிறார். வேறு யாராக இருந்தாலும் பந்தைத் தள்ளியிருப்பார்கள். இவர் பீட்டர் செக்கைச் சுற்றிப் போய்த் தானே அடித்தார். அந்தப் போட்டித் தொடரில் அவர் ஆடியது அந்த ஒரு ஆட்டம்தான், அதையும் வீணாக்கவில்லை.

கடைசியாக, ஏதாவது ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கோல் தொகுப்புகளைப் பார்க்காதீர்கள், அதில் ஓட்டத்தின் கடைசி இரண்டு விநாடிதான் இருக்கும். ஏதென்ஸ் ஆட்டத்தின் முழுப் பதிவைத் தேடி எடுங்கள். 82ஆவது நிமிடத்தில் விழும் இரண்டாவது கோலுக்கு முன்னால் நிறுத்துங்கள். பந்து ககாவிடம் வரும். கண் தானாக அவரிடம் போகும், போகவிடாதீர்கள். லிவர்பூல் டிஃபெண்டர்களின் கோட்டையும் இன்சாகியையும் மட்டும் பாருங்கள். ககாவின் கால் பந்தைத் தொடும் கணத்தில் படத்தை நிறுத்தி அவர் எங்கே நிற்கிறார் என்று நீங்களே கோடு போட்டுப் பாருங்கள். பிறகு ஓடவிடுங்கள். லிவர்பூல் கீப்பர் ரெய்னாவைச் சுற்றிப் போய், இடம் குறைந்துகொண்டே வரும் ஒரு கோணத்திலிருந்து தரையோடு தரையாக உருட்டுவார். நான் அதை எத்தனையோ தடவை நிறுத்திப் பார்த்துவிட்டேன். அந்தப் பக்கம் கொடி பிடித்திருந்தவர் கையை அசைக்கவில்லை, அவர் செய்தது சரி. அதே இடத்தில் நான் நின்றிருந்தால் தூக்கியிருப்பேன்.